நெடுஞ்சாலை மேல்நிலை வழிகாட்டிப் பலகைத் தாங்கிகளின் பாதுகாப்புச் சோதனை: உலோக அயர்வை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நெடுஞ்சாலைகளில் ஓடுதளத்திற்கு மேலே நிறுவப்படும் வழிகாட்டிப் பலகைகளைத் தாங்கி நிற்கும் உலோகக் கட்டமைப்புகள், பாலங்களுக்குக் கிடைக்கும் தொடர் கவனத்தைப் பெறுவதில்லை. இவை பெரும்பாலும் வலிமைக் குறைவால் அன்றி, மீண்டும் மீண்டும் நிகழும் சிறு அசைவுகளால் உண்டாகும் உலோக அயர்வாலும், அடித்தளப் போல்ட்டுகளின் தளர்வாலும், துருவாலும் நலிகின்றன. இந்நலிவுகள் தரையில் நின்று நோக்குவோர்க்குத் தெரிவதில்லை. ஆகவே சோதனை என்பது எதை, எங்கு, எவ்வளவு அருகிலிருந்து நோக்குவது என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டியுள்ளது. அமெரிக்க, ஜப்பானிய நடைமுறைகளின் வழியே இத்தேவையை விளக்கி, தமிழகச் சூழலில் கவனிக்கத்தக்கவற்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மேல்நிலை வழிகாட்டிப் பலகை, தாங்கி, உலோக அயர்வு, ஆங்கர் போல்ட், கேண்டிலீவர், கேன்ட்ரி, பாதுகாப்புச் சோதனை

முன்னுரை

சாலையின் ஓரத்தில் நடப்படும் பலகை சாய்ந்தால் அது பெரும்பாலும் மண்ணில் விழும். சாலையின் குறுக்கே உயர்ந்து நிற்கும் பலகை விழுந்தால் அது ஓடும் வாகனங்களின்மீதே விழும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னை கத்திப்பாரா அருகே, பேருந்து ஒன்று மோதியதில் மேல்நிலை வழிகாட்டிப் பலகையின் தாங்கி சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்றவர் உயிரிழந்தார். 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், எந்த வாகனமும் மோதாத நிலையில், விரைவுச்சாலைப் பலகையொன்று ஓடிக்கொண்டிருந்த காரின்மீது விழுந்தது. ஓட்டுநர் உயிர் தப்பினார். முதல் நிகழ்வின் காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டாவது வகை நிகழ்வின் காரணம் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது. இக்கட்டுரை இரண்டாவது வகையையே முதன்மையாகக் கருதுகிறது.

சொல்வழக்குக் குறித்து ஒரு விளக்கம் தேவை. தமிழில் ‘ஆய்வு’ என்னும் சொல் கல்விசார் ஆராய்ச்சியையும் களத்தில் நேரில் பார்வையிடுவதையும் ஒருசேரக் குறிக்கிறது. குழப்பம் தவிர்க்க, கட்டமைப்பை நேரில் பார்த்தும் தட்டியும் அளந்தும் மதிப்பிடும் செயலை இக்கட்டுரை ‘சோதனை’ என்று குறிக்கிறது. தாங்கும் வலிமைக்கு மிகக் குறைந்த விசையே திரும்பத் திரும்பச் செயல்பட்டு உலோகத்தில் விரிசலை உண்டாக்கும் நிகழ்வு களைப்பு, சோர்வு, அயர்வு எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இங்கு ‘அயர்வு’ என்பதே சீராகப் பயன்படுத்தப்படுகிறது. போல்ட், நட்டு, வாஷர், பேஸ் பிளேட் ஆகியவை பணியிடத்தில் வழங்கும் பெயர்களாலேயே சுட்டப்படுகின்றன.

தாங்கிகளின் வகைகள்

மேல்நிலைத் தாங்கிகளை மூன்றாகப் பகுக்கலாம். சாலையின் இருபுறமும் தூண் நிறுத்தி, அவற்றின்மேல் குறுக்குச் சட்டகம் அமைப்பது கேன்ட்ரி. ஒரே தூணிலிருந்து சாலையின்மேல் கை நீட்டுவது கேண்டிலீவர். மேம்பாலத்தின் பக்கச்சுவரிலோ உத்திரத்திலோ பலகையைப் பிணைப்பது மூன்றாம் வகை.

இவற்றுள் கேண்டிலீவர் தனிக் கவனத்திற்குரியது. கேன்ட்ரியின் ஒரு தூண் நலிந்தாலும் மறுதூண் சுமையின் ஒரு பகுதியையேனும் சிறிது நேரம் ஏற்க இடமுண்டு. கேண்டிலீவரில் அத்தகைய மாற்றுவழி இல்லை. பலகையின் எடையும் அதன்மேல் மோதும் காற்றின் விசையும் நீட்டிய கையின் வழியே ஒற்றைத் தூணுக்கும், அங்கிருந்து பேஸ் பிளேட்டுக்கும், பின் சில போல்ட்டுகளுக்கும் செல்கின்றன. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுக் கட்டமைப்பும் வீழும். மேலும் கேண்டிலீவர் நெகிழ்வு மிக்கது. அதன் இயல்பதிர்வெண் ஏறத்தாழ நொடிக்கு ஓர் அலைவு என்னும் அளவில் அமைவதுண்டு. அலைவைத் தணிக்கும் திறனோ மிகக் குறைவு. பல அமைப்புகளில் அது மாறுநிலைத் தணிப்பின் 1 விழுக்காட்டிற்கும் கீழே உள்ளது. ஒருமுறை அசையத் தொடங்கினால் அது எளிதில் அடங்காது என்பதே இதன் பொருள்.

காற்றும் உலோக அயர்வும்

புயலுக்குத் தாங்குமாறு கட்டப்பட்ட தாங்கி நாள்தோறும் வீசும் காற்றில் எவ்வாறு நலிகிறது என்னும் வினா இயல்பானது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 (பகுதி 3) சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்னும் அடிப்படைக் காற்று வேகத்தை வகுத்துள்ளது. பிற காரணிகளைச் சேர்க்காமல் கணக்கிட்டால், இவ்வேகம் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம் தரும். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட பலகையின்மேல் இது 27,000 நியூட்டன், அதாவது இரண்டேமுக்கால் டன் எடைக்கு நிகரான தள்ளுவிசை ஆகும். இவ்விசையைத் தாங்கும் தூணை வடிவமைப்பது பொறியியலில் கடினமன்று.

அமெரிக்க நெடுஞ்சாலை அலுவலர் கூட்டமைப்பான ‘ஆஷ்டோ’ வெளியிடும் தாங்கி வடிவமைப்பு விதிநூல், இயல்பான காற்று வீச்சால் ஏற்படும் அயர்வைக் கணக்கிட 250 பாஸ்கல் என்னும் அடிப்படை அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. மேற்கூறிய புயல் அழுத்தத்தில் இது ஆறில் ஒரு பங்கே. ஆனால் புயல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சில மணி நேரம் வீசுவது; இயல்பான காற்றோ ஓய்வதில்லை. நொடிக்கு ஒருமுறை அசையும் தாங்கி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே அசைவதாகக் கொண்டாலும், ஆண்டுக்கு 13 லட்சம் சுழற்சிகளைக் கடந்துவிடும். பத்தாண்டுகளில் அது 1.3 கோடி ஆகும். எஃகுப் பற்றவைப்புகளின் அயர்வு ஆயுள், தகைவு வீச்சின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது தகைவு வீச்சு இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே வெல்டிங்கில் ஏற்படும் சிறு குறையும், பிற்காலத்தில் மாட்டப்படும் சற்றே பெரிய பலகையும் ஆயுட்காலத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

தாங்கியை அசைக்கும் காரணிகள் நான்கு எனத் தொகுக்கலாம்.

முதலாவது, இயல்பான காற்று வீச்சு. காற்றின் வேகம் ஏறி இறங்குவதால் உண்டாகும் அசைவு இது.

இரண்டாவது, கனரக வாகனங்கள் எழுப்பும் காற்று. பலகையின் கீழே லாரி விரைந்து செல்லும்போது காற்று மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. தட்டையான பலகையைவிட, அடிப்பகுதி அகன்ற மின்னணுத் தகவல் பலகைப் பெட்டிகளை இது மிகுதியாகப் பாதிக்கிறது.

மூன்றாவது, ‘கேலப்பிங்’ எனப்படும் தன்தூண்டல் அலைவு. மிதமான வேகத்தில் சீராக வீசும் காற்றில், கேண்டிலீவரின் கை காற்றின் திசைக்குச் செங்குத்தாக, மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். அசைவே அசைவை வளர்ப்பது இதன் இயல்பு. ஆஷ்டோ விதிநூல் இதற்கு 1000 பாஸ்கல் என்னும் அளவைப் பரிந்துரைக்கிறது.

நான்காவது, சுழல் உதிர்வு. உருளைத் தண்டின் இருபுறமும் மாறி மாறிக் காற்றுச் சுழல்கள் பிரியும்போது எழும் அசைவு இது. பலகை மாட்டப்படாமல் நாட்கணக்கில் வெறும் கையாக விடப்படும் கேண்டிலீவர் இதற்கு எளிதில் ஆட்படும். எனவே தாங்கியை நிறுவியவுடன் பலகையையும் மாட்டிவிடுவது அழகிற்கான செயல் அன்று, பாதுகாப்பிற்கானது.

இக்காரணிகளை முறையாக வகைப்படுத்திய ஆய்வுகளுள் முதன்மையானது, 1998ஆம் ஆண்டு வெளிவந்த என்.சி.எச்.ஆர்.பி. 412ஆம் அறிக்கை. லீஹை பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தப்பட்ட இவ்வாய்வின் அடிப்படையிலேயே, ஆஷ்டோ விதிநூலின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அயர்வுக்கான வடிவமைப்பு விதிகள் விரிவாக இடம்பெற்றன. இதன் உட்பொருள் சோதனையாளர்க்கு முக்கியமானது. அதற்கு முன் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் தாங்கிகளில் பல, புயலைக் கணக்கில் கொண்டு, நாள்தோறும் நிகழும் அசைவைப் போதிய அளவு கணக்கில் கொள்ளாமல் வடிவமைக்கப்பட்டவை.

அடித்தளப் போல்ட்டுகள்

தாங்கியின் முழுச் சுமையும் இறுதியில் வந்து சேரும் இடம் ஆங்கர் போல்ட். கான்கிரீட்டில் புதைந்து மேலே நீண்டிருக்கும் போல்ட்டில், பேஸ் பிளேட்டின் கீழே மட்டம் பார்க்கும் நட்டும் மேலே இறுக்கும் நட்டும் அமைவது வழக்கம். இவ்விரு நட்டுகளும் பிளேட்டை இறுகக் கவ்வியிருக்கும்வரை, போல்ட்டில் நிலையான முன்னிழுவிசை இருக்கும். காற்றால் வரும் ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை இறுகிய இணைப்பே ஏற்றுக்கொள்ளும். போல்ட் உணரும் மாறுபாடு சிறிதாகவே இருக்கும். நட்டு தளர்ந்தால் இப்பாதுகாப்பு நீங்குகிறது. ஒவ்வோர் அசைவும் நேரடியாகப் போல்ட்டின் மரைகளில் இறங்குகிறது. தளர்ந்த போல்ட்டின் பங்கை அண்டைப் போல்ட்டுகள் சுமப்பதால் அவையும் விரைவில் அயர்கின்றன. நான்கு போல்ட்டுகள் மட்டுமே உள்ள அடித்தளத்தில் ஒன்று செயலிழப்பது, எட்டு உள்ள அடித்தளத்தில் ஒன்று செயலிழப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் இறுக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. மரைகளுக்கு மசகிட வேண்டும். எதிரெதிர்ப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, நட்சத்திர ஒழுங்கில் இறுக்க வேண்டும். நட்டு பிளேட்டோடு நன்கு பொருந்திய நிலையை அடைந்த பின்னர், குறித்த அளவு மேலும் திருப்ப வேண்டும். இவ்வளவு போல்ட்டின் விட்டத்தையும் எஃகின் தரத்தையும் பொறுத்து மாறும். 38 மி.மீ. வரை விட்டமுள்ள, வலிமை மிகுந்த தரப் போல்ட்டுகளுக்கு அது மூன்றில் ஒரு சுற்று. துத்தநாகப் பூச்சு நசுங்குவதால் இறுக்கம் சற்றுக் குறையக்கூடும் என்பதால், குறைந்தது 48 மணி நேரம் கழித்து முறுக்குத் திறப்பானால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். கான்கிரீட்டின் மேற்பரப்புக்கும் மட்டம் பார்க்கும் நட்டின் அடிக்கும் இடையேயுள்ள உயரம் போல்ட்டின் ஒரு விட்டத்திற்கு மிகாதிருக்க வேண்டும். மிகுந்தால் போல்ட் இழுபடுவதோடு வளையவும் நேரும்.

பிளேட்டின் அடியில் சிமென்ட் கலவை இட்டு மூடுவது உறுதி சேர்க்கும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அது கண்ணுக்கு ஒழுங்கைத் தரினும், ஈரத்தைத் தேக்கிப் போல்ட்டைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, கீழ் நட்டு தளர்ந்துள்ளதா எனக் காணும் வழியையும் அடைத்துவிடுகிறது. சோதனைக்கு எட்டாத இணைப்பைப் பாதுகாப்பான இணைப்பு என்று கொள்வதற்கில்லை.

சோதனையின் படிநிலைகள்

சோதனை ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறது. தாங்கி நிறுவப்பட்ட ஆண்டு, வரைபடம், எஃகின் தரம், வடிவமைப்பில் கொள்ளப்பட்ட பலகையின் பரப்பு ஆகியன முதலில் தொகுக்கப்பட வேண்டும். இப்போது மாட்டியிருக்கும் பலகையின் பரப்பை வரைபடத்திலுள்ள பரப்போடு ஒப்பிடுவதே, பல வேளைகளில் ஆபத்தை முதலில் வெளிப்படுத்தும் செயலாகும்.

அடுத்தது அடித்தளம். பேஸ் பிளேட்டை மூடியுள்ள மண், குப்பை, செடிகொடிகள் அகற்றப்பட வேண்டும். நட்டு, வாஷர், பிளேட் ஆகியவற்றிடையே இடைவெளி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டும்போது இறுகிய போல்ட் கணீரென ஒலிக்கும். தளர்ந்ததும் விரிசலுற்றதும் மந்தமாக ஒலிக்கும். கான்கிரீட்டினுள் உள்ள பகுதியிலும் நட்டு மறைக்கும் மரைகளிலும் விரிசல் உள்ளதா என அறிய, போல்ட்டின் தலைமுனையிலிருந்து மீயொலி செலுத்தி எதிரொலி பதிவு செய்யப்படுகிறது.

தூணில் கவனிக்க வேண்டியவை மூன்று: பிளேட்டோடு தூண் இணையும் பற்றவைப்பு, மின்கம்பிகளுக்காக வெட்டப்பட்ட கைத்துளையின் விளிம்பு, தூணின் உட்புறத் துரு. உள்ளீடற்ற தூணில் நீர் தேங்கினால் வெளியே பூச்சு பளபளக்க, உள்ளே சுவர் மெலிந்துகொண்டே வரும். மீயொலித் தடிப்புமானியால் மட்டுமே இதனை அறிய இயலும். வடிகால் துளைகள் அடைபட்டுள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

கையும் தூணும் இணையும் இடமும் சட்டகத்தின் கணுக்களும் அருகிருந்து நோக்கப்பட வேண்டும். ஐயத்திற்குரிய பற்றவைப்புகளில் சாய ஊடுருவல் சோதனையோ காந்தத் துகள் சோதனையோ செய்யப்படுகிறது. காந்தத் துகள் முறை அலுமினியத்திற்குப் பொருந்தாது. அலுமினியச் சட்டகத்தில் எஃகு யு-போல்ட் நேரடியாகத் தொடும் இடங்களில், இருவேறு உலோகங்களின் தொடர்பால் அரிப்பு மிகும். இறுதியாகப் பலகையைப் பிணைக்கும் கவ்விகள் எண்ணிச் சரிபார்க்கப்பட வேண்டும். தாங்கி நலமாக இருந்து பலகை மட்டும் கழன்று விழுவதும் உண்டு.

இப்பணிகள் கைக்கெட்டும் தொலைவில் நிகழ வேண்டியவை. அதற்கு உயர்த்தி வாகனமும், போக்குவரத்துத் தடத்தை மூடும் ஏற்பாடும், பெரும்பாலும் இரவுநேரப் பணியும் தேவைப்படுகின்றன. ஆளில்லா வான்கலம் எடுக்கும் படங்கள் எங்கு உற்று நோக்குவது என்பதைத் தீர்மானிக்க உதவும். ஆனால் அது தட்டிப் பார்க்காது. நட்டின் இறுக்கத்தை உணராது. ஆகவே அருகிருந்து செய்யும் சோதனைக்கு அது துணையாகலாமே அன்றி மாற்றாகாது.

சட்டமும் நடைமுறையும்

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பின்னர், 1971ஆம் ஆண்டு தேசியப் பாலச் சோதனை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை பாலங்களுக்குச் சோதனை இடைவெளியைக் கட்டாயமாக்கின. பலகைத் தாங்கிகள் அவ்விதிகளின் வரம்பில் இல்லை. 2005ஆம் ஆண்டின் வழிகாட்டி நூலும் பரிந்துரையே, சட்டம் அன்று. இதனால் சோதனைத் திட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று சசாகோ சுரங்கப்பாதையில், ஆங்கர் போல்ட்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்த கான்கிரீட் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தனர். அப்போல்ட்டுகள் பல ஆண்டுகளாக அருகிருந்து தட்டிப் பார்க்கப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. இதையடுத்து 2014ஆம் ஆண்டு ஜூலை முதல், பாலங்கள், சுரங்கப்பாதைகள் ஆகியவற்றோடு வாயில்வடிவப் பெரும் பலகைத் தாங்கிகளும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அருகிருந்து நோக்கிச் சோதிக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. சோதனை முடிவு சீரான நிலை, முன்தடுப்புப் பராமரிப்பு நிலை, விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை, அவசர நடவடிக்கை நிலை என நான்காக வகைப்படுத்தப்படுகிறது.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு அதன் சொற்களிலேயே உள்ளது. ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’ என்பன கட்டமைப்பின் நிலையை மட்டும் கூறுவன. ஜப்பானிய நிலைகளோ பொறுப்பாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுவன. கண்டறிந்த விரிசல் கோப்பில் உறங்காமல் இருக்க இவ்வேறுபாடு பெரிதும் உதவுகிறது.

தமிழகச் சூழல்

இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 67 விதிநூல் பலகைகளின் வடிவம், நிறம், எழுத்தளவு, ஒளிர்திறன், நிறுவும் இடம் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டது. பாலங்களின் சோதனைக்கும் பராமரிப்புக்கும் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 35 எனத் தனி வழிகாட்டி உள்ளது. பலகை என்பது படிக்கப்படுவது, பாலம் என்பது சுமப்பது என்னும் பாகுபாடு இவற்றின் பின்னணியில் உள்ளது. மேல்நிலைப் பலகையோ இரண்டும் ஆகும். அதைப் பலகைகளின் பட்டியலில் மட்டும் வைத்தால், எழுத்து மங்கியதா என்று பார்க்கப்படும். போல்ட் தளர்ந்ததா என்று பார்க்கப்படாமற்போகும்.

தமிழகத்தில் மூன்று காரணிகள் தனிக் கவனம் பெற வேண்டும். முதலாவது கடற்கரை. உப்புக் காற்று வீசும் பகுதிகளில் துத்தநாகப் பூச்சின் ஆயுள் குறைவு. துருவால் குழிந்த பரப்பில் அயர்வு விரிசல் எளிதில் தொடங்கும். இரண்டாவது புயல். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயலுக்குப் பின் நின்றிருக்கும் தாங்கியைப் பழுதற்றது எனக் கொள்வது தவறு. அதன் போல்ட்டுகளும் பற்றவைப்புகளும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். மூன்றாவது மோதல். கத்திப்பாரா நிகழ்வு காட்டுவதுபோல், நகரச் சாலைகளில் தூண் ஓடுதளத்தை ஒட்டி நிற்கும்போது, காக்கும் தடுப்பின் நிலையும் சோதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வாகனம் உரசிச் சென்ற தடம் தூணில் தென்பட்டால் அது வெறும் வண்ணச் சிதைவு அன்று; அடித்தளத்தை உடனே சோதிக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. மேல்நிலைப் பலகைத் தாங்கிகளின் பாதுகாப்பை முடிவு செய்வது அரிதாக வரும் பெருங்காற்று மட்டுமன்று. ஓயாது நிகழும் சிற்றசைவும் ஆகும். எனவே புயலைத் தாங்கி நின்றது என்பது பாதுகாப்பிற்குப் போதிய சான்று ஆகாது.

2. கேண்டிலீவர், குறைந்த எண்ணிக்கையிலான போல்ட்டுகள், வடிவமைப்பைவிடப் பெரிய பலகை, கடற்கரை அண்மை, மோதல் தடம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த தாங்கிகளுக்குச் சோதனையில் முன்னுரிமை தர வேண்டும். எல்லாத் தாங்கிகளுக்கும் ஒரே இடைவெளி என்பதைவிட இது பொருத்தமானது.

3. நிறுவிய 48 மணி நேரத்திற்குப் பின் செய்யும் முதல் சரிபார்ப்பு, குறித்த இடைவெளியில் செய்யும் அருகிருந்த சோதனை, புயலுக்கும் மோதலுக்கும் பிந்தைய சிறப்புச் சோதனை என மூன்றும் தனித்தனியே வரையறுக்கப்பட வேண்டும்.

4. ஒவ்வொரு தாங்கிக்கும் தனி எண்ணும் பதிவேடும் இருத்தல் வேண்டும். இன்று அளந்த தடிப்பும் இறுக்கமும் முந்தைய அளவுகளோடு ஒப்பிடப்படும்போதுதான் நலிவின் வேகம் புலப்படும்.

தலைக்கு மேலுள்ள பலகையை வாகன ஓட்டுநர் சில நொடிகளே நோக்குகிறார். அந்நொடிகளில் அவர் எழுத்துகளை மட்டுமே நம்புவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் இணைப்புகளையும் அறியாமலே நம்புகிறார். அந்த இணைப்புகளை அருகில் சென்று பார்க்கும் கடமை, அப்பலகையை அங்கே நிறுத்தியவர்களையே சாரும்.